வீட்டில் சுருதிப்பெட்டி செய்ய: 555ஆ, நானோவா, இஎஸ்பி 32ஆ?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரே கேள்விதான். செங்கோட்டை, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை என்று எங்கே பார்த்தாலும் கார்த்திகைக்கு முன்னால் பஜனைக் குழுக்கள் ஹார்மோனியத்தைத் தூசி தட்டுவார்கள், மைக் செட்டுக்கு முன்பணம் கொடுப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர், "சுருதிப்பெட்டி போன வருஷமே சரியில்ல அண்ணாச்சி, நாமளே ஒண்ணு செஞ்சா என்ன?" என்று ஆரம்பிப்பார். பாட்டு கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோரும், பாலிடெக்னிக் பையன்களும் இதையே கேட்கிறார்கள். வீடியோக்களில் 555 டைமர் சிப், ஆர்டுயினோ நானோ, இஎஸ்பி 32 (பின்னிரண்டும் நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் போர்டுகள்) என்று மூன்று வழி காட்டுகிறார்கள், மூன்றும் சுலபம் என்கிறார்கள், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசையை உண்டாக்கும் சிப் கெட்டுப்போவது அபூர்வம். பவர் கெடும், ஆம்ப் கெடும், எர்த் தகராறு செய்யும், ஈயம் வைத்த இடம் விட்டுப்போகும். அதனால் எது இனிமையாகக் கேட்கும் என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மண்டபத்தில் பெட்டி ஊமையாகிவிட்டால், அதைத் திறந்து எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிக்க உங்களால் முடியுமா, இல்லை உங்கள் ஊரில் யாராலாவது முடியுமா, அதைப் பாருங்கள்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலாவது, ஷட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) ஒட்டி நிற்கிறதா என்பது. கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. ஒரு கட்டை ஷட்ஜம் 261.63 ஹெர்ட்ஸ். சுத்தமான பஞ்சமம் அதைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 392.44. கீபோர்டு பட்டியலைப் பார்த்து எழுதினால் 392.00 என்று இருக்கும். அரை ஹெர்ட்ஸ்கூட இல்லையே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் எந்த ஸ்வரத்தோடும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலொலிகளும் சேர்ந்தே ஒலிக்கும். ஷட்ஜத்தின் மூன்றாவது மேலொலியும் பஞ்சமத்தின் இரண்டாவது மேலொலியும் ஒரே இடத்தில் விழ வேண்டியவை. முதலாவது 784.89, இரண்டாவது 784.00 என்று ஆகும்போது வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு ஹெர்ட்ஸ், ஆகவே நொடிக்கு ஒரு முறை ஓசை ஏறி இறங்கும். காது பழகியவர்கள் உட்கார்ந்த உடனேயே "அலையுது" என்று சொல்லிவிடுவார்கள். தம்புராவில் நடுவில் இருக்கும் இரண்டு ஷட்ஜத் தந்திகளான சாரணியும் அனுசாரணியும் மயிரிழை விலகியிருப்பதில் ஒரு அழகு உண்டு என்பார்கள், உண்மைதான். ஆனால் அது வேண்டுமென்று வைத்த விலகலாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சுருதி நகர்வது. ஆடியில் குற்றாலத்துச் சாரல் செங்கோட்டை வரை அடிக்கும், பங்குனியில் அதே அறை வெந்துபோகும். இரண்டிலும் பெட்டி ஒரே கட்டையில் நிற்கிறதா?

மூன்றாவது பவர். பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடும், பவர் பேங்கோடு ஒத்துப்போகுமா? நான்காவது, மைக் செட்டில் சொருகினால் உறுமுகிறதா? ஐந்தாவது, பழுது பார்க்க என்ன கருவி வேண்டும், மல்டிமீட்டர் போதுமா, லேப்டாப் வேண்டுமா? ஆறாவது, பட்டியலில் எழுதாத செலவு. கூரியர், டப்பா, ஸ்பீக்கர், நாப், சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் சிப் விலை ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும்.

## செய்யவே வேண்டாமோ?

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தனியாக வீட்டில் சாதகம் செய்பவருக்குப் போனில் ஒரு தம்புரா ஆப் போதும், ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு உட்காரலாம். கச்சேரிக்கும் பஜனைக்கும் அது சரிவராது. நடுவில் அழைப்பு வரும், புதுப் போன்களில் பலவற்றுக்கு ஹெட்போன் ஓட்டையும் கிடையாது.

வீட்டில் பழைய மின்னணு சுருதிப்பெட்டி ஒன்று பரணில் கிடந்தால், புதிதாகச் செய்வதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் வால்யூம் நாபுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் (கடைக்காரர்கள் 'பாட்' என்பார்கள்) தூசி, காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், அல்லது பிளஸ் மைனஸ் மாறிய அடாப்டர். ஐம்பது, நூறு ரூபாயில் தீரும் வேலை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு ஆயிரம் ரூபாய்க்குப் புதிதாகச் செய்வது கைவேலை ஆசைக்கு நல்லது, பர்ஸுக்கு நல்லதில்லை.

இதையெல்லாம் தாண்டியும் செய்தே தீருவேன் என்பவர்களுக்குத்தான் மீதி.

## வழி ஒன்று: 555 டைமரும் நாலாயிரம் வரிசை சிப்புகளும்

555 விற்பனைக்கு வந்தது 1972ல். இன்றைக்கும் எந்த ரேடியோ ரிப்பேர் கடையிலும் பத்து, பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்த வழியில் பலரும் போகிற பாதை ஒன்று உண்டு, அதில் போகாதீர்கள்: ஷட்ஜத்துக்கு ஒரு 555, பஞ்சமத்துக்கு இன்னொரு 555. இரண்டும் தனித்தனி கெப்பாசிட்டரை நம்பி ஓடுவதால், வெயில் ஏறினால் ஒன்று ஒரு பக்கமும் மற்றது இன்னொரு பக்கமும் நகரும். காலையில் சேர்த்து வைத்த சுருதி மதியம் பிரிந்து கிடக்கும்.

சரியான வழி, ஒரே ஒரு மாஸ்டர் ஆஸிலேட்டர், அதாவது அடிப்படை அதிர்வை உண்டாக்கும் சுற்று. அதை உயரத்தில் ஓட விட்டு, வகுத்து வகுத்துக் கீழே கொண்டுவர வேண்டும். மாஸ்டரை 12ஆல் வகுத்தால் ஷட்ஜம், 9ஆல் வகுத்தால் சுத்த மத்யமம், 8ஆல் வகுத்தால் பஞ்சமம், 24ஆல் வகுத்தால் ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் மந்தர ஷட்ஜம். ஒரு கட்டைக்கு மாஸ்டர் ஏறத்தாழ 3140 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். வகுத்து வந்ததால் விகிதம் ஒருநாளும் மாறாது. மாஸ்டர் நகர்ந்தாலும் எல்லா ஸ்வரமும் சேர்ந்தே நகரும், ஷட்ஜமும் பஞ்சமமும் தங்களுக்குள் பிரியவே பிரியாது. முதல் அளவுகோலில் இதை அடிக்க மற்ற இரண்டு வழிகளாலும் முடியாது, அதிகபட்சம் சமமாக நிற்கலாம்.

வகுக்கும் வேலைக்கு 4017 ஒன்று (ஆறாம் எண் வெளியீட்டை ரீசெட்டில் கட்டினால் 6ஆல் வகுக்கும்), அதன் பின்னால் 4013ன் இரண்டு பிளிப்-பிளாப் (ஒவ்வொன்றும் 2ஆல் வகுக்கும்), பஞ்சமத்துக்கு 4040. மத்யமமும் வேண்டுமென்றால் இன்னொரு 4017. ஹிந்தோளம் மாதிரி பஞ்சமம் இல்லாத ராகம் பாடுகிறவர்களுக்கு மத்யம சுருதி வேண்டியிருக்கும், ஒரு டாகிள் ஸ்விட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வெறும் பஜனைக்கு அது தேவைப்படாது.

555க்கு 10 நானோ ஃபாரட், 4.7 கிலோ ஓம், அப்புறம் 15 கிலோ ஓமும் அதோடு தொடரில் 20 கிலோ ஓம் பாட்டும். இதில் ஷட்ஜம் சுமார் 161 முதல் 346 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும், ஒரு ஸ்தாயிக்கு மேலேயே வருவதால் ஆண் குரல், பெண் குரல் இரண்டுக்கும் போதும். நுணுக்கமாகச் சேர்க்க 1 கிலோ ஓம் பாட் ஒன்றைத் தொடரில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நாபை மயிரிழை திருப்பினாலே கால் கட்டை தாண்டிவிடும்.

கெப்பாசிட்டரில்தான் விஷயம் இருக்கிறது. 103 என்று எழுதிய பழுப்பு நிற சாதா செராமிக் வட்டைப் போட்டால் சூட்டோடு சுருதியும் ஓடும். எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகைகூட முழு வெப்பநிலை எல்லைக்குள் 15 சதவீதம் வரை மாற அனுமதி உள்ளது. சி0ஜி வகை டிகிரிக்கு பத்து லட்சத்தில் 30 பங்குதான் மாறும். சி0ஜி கிடைக்காவிட்டால் பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் போடலாம். விலை வித்தியாசம் டீக்காசு. இன்னொன்று, ரெசிஸ்டர்களை மெக் ஓம் கணக்கில் போடாதீர்கள். போர்டில் ஒட்டியிருக்கும், ஈயம் வைக்கிற பேஸ்டும் சாரல் ஈரமும் சேர்ந்து அவையே ஒரு ரெசிஸ்டராகிவிடும். ஈயம் வைத்து முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய டூத் பிரஷால் தேய்த்துவிடுங்கள்.

ஓசை எப்படி? இது தம்புரா ஆகாது. சதுர அலையில் ஒற்றைப்படை மேலொலிகள் மட்டும்தான் இருக்கும், அதனால் கிளாரினெட் சாயலில் உள்ளே குடைந்த மாதிரி கேட்கும். 10 கிலோ ஓமும் 10 நானோ ஃபாரடும் கொண்ட ஃபில்டரை இரண்டு அடுக்கு போட்டால் காரம் குறையும், மந்தர ஷட்ஜத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் பரவாயில்லை என்று ஆகும். ஜீவாளியை, அதாவது தம்புராவுக்கே உரிய ரீங்காரத்தை எதிர்பார்க்கிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பழுது பார்ப்பதில்தான் இந்த வழி ஜெயிக்கிறது. 5 வோல்ட்டில் ஓடும் பெட்டியில், 4013ன் வெளியீட்டில் சாதா மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஓடிக்கொண்டிருந்தால் 2.5 காட்டும், ஏனென்றால் பாதி நேரம் 5, பாதி நேரம் 0, மீட்டர் சராசரியைக் காட்டுகிறது. ஆறால் வகுக்கும் 4017ன் 12ஆம் காலில் 4.17 வரும், ஒன்பதால் வகுப்பதில் 2.78. எங்கே 0 அல்லது 5 என்று அசையாமல் நிற்கிறதோ அந்த சிப்போடு ஓசை செத்துவிட்டது. 4017 அசையவில்லை என்றால் 13ஆம் கால் கிரவுண்டில் இருக்கிறதா, 15ஆம் கால் அந்தரத்தில் தொங்குகிறதா என்று பாருங்கள், பத்தில் எட்டு தடவை அங்கேதான் இருக்கும். பயன்படுத்தாத இன்புட்களையும் சும்மா விடக்கூடாது, கிரவுண்டில் கட்டிவிடுங்கள். பழைய 555 ஒவ்வொரு முறை மாறும்போதும் பவர் லைனை ஒரு உலுக்கு உலுக்கும், எனவே ஒவ்வொரு சிப்புக்குப் பக்கத்திலும் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர், 555 பக்கத்தில் கூடுதலாக 100 மைக்ரோ ஃபாரட்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிச் சவுகரியம் உண்டு. கோயில் கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஓடும் விளக்கு போடுகிற சீரியல் செட்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தியது 555ம் 4017ம்தான். ஆரியங்காவிலோ புனலூரிலோ பெட்டி நின்றுபோனாலும், பழைய கை ஒருவரைக் கூப்பிட்டால் அவர் பெட்டியிலேயே சிப்பும் இருக்கும், அதைப் பற்றித் தெரிந்தும் இருக்கும்.

மறைமுகச் செலவு, உங்கள் நேரம். டாட் போர்டில் ஐந்து சிப்பை ஒயர் இழுத்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். உதிரிகளுக்கு இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும், டப்பாவும் நாபும் ஸ்பீக்கரும் அதைவிடக் கூட.

## வழி இரண்டு: ஆர்டுயினோ நானோ

நானோ போர்டின் நகல் சுமார் இருநூற்றைம்பது, முந்நூறு ரூபாய். ஒயர் வேலை குறைவு. சுருதியை மாற்ற நாபைத் தேட வேண்டாம், பட்டனை அழுத்தினால் அரைக்கட்டை ஏறும் என்று எழுதிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் முட்டுக்கட்டை, ஆர்டுயினோவோடு வரும் டோன் கட்டளை ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் கொடுக்கும். ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் மொஸ்ஸி என்ற நூலகம் (தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்பு) வேண்டும். அது நொடிக்கு 16384 மாதிரி (சாம்பிள்) என்ற கணக்கில் ஓசையைச் செய்து, 9ஆம் காலில் துடிப்புகளின் அகலத்தை மாற்றி மாற்றி வெளியே விடும். அதற்குப் பின்னால் 270 ஓமும் 100 நானோ ஃபாரடும் சேர்ந்த ஃபில்டர் போட்டால் சீறல் கொஞ்சம் அடங்கும்.

இரண்டாவது முட்டுக்கட்டை எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக் தம்பி ஒருவர் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது. "அண்ணாச்சி, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன், ஆனா நடுங்குது." உள்ளே பார்த்தால் ஷட்ஜத்துக்கு 262, பஞ்சமத்துக்கு 392 என்று முழு எண்ணாகப் போட்டிருந்தார், அலை வடிவம் ரம்பப் பல். மூன்று 262 என்றால் 786, இரண்டு 392 என்றால் 784, நொடிக்கு இரண்டு தடவை நடுங்காமல் என்ன செய்யும்? மொஸ்ஸியில் அதிர்வெண்ணைத் தசமத்தோடும் கொடுக்கலாம். ஷட்ஜத்தை 261.63 என்று வைத்து, பஞ்சமத்தை எண்ணாக எழுதாமல் ஷட்ஜம் பெருக்கல் 1.5 என்று எழுதச் சொன்னேன். அத்தோடு நின்றது. நிரல் எழுதுகிற எல்லோருக்கும் இது பொருந்தும்: ஸ்வரங்களைப் பட்டியல் பார்த்து எழுதாதீர்கள், ஷட்ஜத்திலிருந்து பெருக்கி எடுங்கள்.

பல நகல் போர்டுகளில் கடிகாரத்துக்குக் குவார்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் செராமிக் ரெசனேட்டர் இருக்கும். அது அரை சதவீதம் வரை தவறலாம், அதாவது எட்டு, ஒன்பது சென்ட் (அரைக்கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). எல்லா ஸ்வரமும் சேர்ந்தே தவறுவதால் தனியாகப் பாடுகிறவருக்குத் தெரியாது. ஹார்மோனியமோ கீபோர்டோ பக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும்.

இந்த வழியின் பெரிய குறை, ஓசையின் உயரம் நேரடியாக 5 வோல்ட்டைச் சார்ந்திருப்பது. பவர் லைனில் என்ன நடுக்கம் இருக்கிறதோ அதுவும் ஓசையோடு சேர்ந்து ஸ்பீக்கருக்குப் போகும். மலிவு சார்ஜரில் போட்டால் பாட்டுக்குப் பின்னணியாக ஒரு வண்டு பறக்கும். எட்டு, ஒன்பது பிட் நுணுக்கம்தான் என்பதால் ஓசை மெல்ல அடங்கும் இடத்தில் மணல் அரைக்கிற சத்தமும் வரும்.

பழுது பார்க்க லேப்டாப் கட்டாயம். நகல் போர்டை லேப்டாப் அடையாளம் கண்டுகொள்ளவில்லையென்றால் சிஎச்340 டிரைவர் இல்லை என்று அர்த்தம், அல்லது நீங்கள் எடுத்த கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள். நிரல் ஏறாமல் அடம் பிடித்தால் மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இதெல்லாம் வீட்டு மேஜையில் சின்ன விஷயம். மண்டபத்தில் லேப்டாப்புக்கு எங்கே போவது?

என் அபிப்பிராயம்: கற்றுக்கொள்ள நானோ நல்ல பலகை. சுருதிப்பெட்டியாகப் பல வருடம் வைத்துக்கொள்ள இதை நான் சொல்ல மாட்டேன். 555ன் உறுதியும் இதில் இல்லை, அடுத்து வருவதன் ஓசையும் இல்லை.

## வழி மூன்று: இஎஸ்பி 32 + பிசிஎம் 5102

இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ். இந்த வேலைக்கு இவ்வளவு வேகம் எதற்கு என்று தோன்றும். நிஜத் தம்புராவைப் பதிவு செய்து அப்படியே ஓட விடலாம் என்பதுதான் காரணம். பத்து நொடிப் பதிவு, ஒற்றைச் சேனல், 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரி என்றால் 882 கிலோபைட். வழக்கமான போர்டில் 4 மெகாபைட் இடம் இருக்கிறது, தாராளமாக அடங்கும். போர்டு நானூறு ரூபாய் சுமார், எண்களாக இருக்கும் பதிவை ஓசை அலையாக மாற்றும் டிஏசி மாட்யூல் (பிசிஎம் 5102) இருநூறு, முந்நூறு.

டிஏசி இல்லாமல் இஎஸ்பிக்குள் இருக்கும் 8 பிட் வெளியீட்டிலேயே சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். சமாளிக்கலாம், ஆனால் அப்படியென்றால் நானோவே போதுமே. எஸ்3, சி3 வகைப் போர்டுகளில் அந்த வெளியீடும் கிடையாது.

ஊமைப் பெட்டி என்ற புகார் இந்த வழியில்தான் அதிகம் வருகிறது, காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஊதா நிற டிஏசி மாட்யூலின் பின்பக்கத்தில் நான்கு சின்ன ஈயப் பாலங்கள் உண்டு. 1, 2, 4 ஆகிய மூன்றும் எல் பக்கமும், 3 மட்டும் எச் பக்கமும் இணைந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் மியூட் கால், அது எல் பக்கம் இருந்தாலோ தொங்கினாலோ மற்ற எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராது. முன்பக்கத்தில் எஸ்சிகே என்ற காலைக் கிரவுண்டில் கட்டிவிட வேண்டும், கட்டாமல் விட்டால் வெடிப்பும் சீறலுமாக வரும், அல்லது வரவே வராது. சில மாட்யூல்கள் இந்தப் பாலங்கள் இல்லாமலே வருகின்றன. வாங்கியதும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை பவர். லித்தியம் செல்லை நேராகப் போர்டின் 5 வோல்ட் காலில் கட்டுகிறார்கள். போர்டில் இருக்கும் 1117 வகை ரெகுலேட்டருக்கு உள்ளே போகிற வோல்ட், வெளியே வருவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேலேயே கூடுதலாக வேண்டும். 3.7 வோல்ட்டிலிருந்து 3.3 எப்படி வரும்? போர்டு தானாகத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும், சீரியல் திரையில் 'பிரவுன்அவுட்' என்று புலம்பும். 5 வோல்ட் பூஸ்டர் போடுங்கள், வைஃபையையும் புளூடூத்தையும் நிரலில் அணைத்துவிடுங்கள், மின் தேவை பாதிக்கு மேல் குறையும்.

மறைமுகச் செலவு பணத்தில் இல்லை. நல்ல தம்புராப் பதிவு வேண்டும். முடிவையும் தொடக்கத்தையும் 'டக்' என்ற சத்தம் கேட்காமல் ஒட்ட வேண்டும். கட்டையை மாற்றப் பதிவின் வேகத்தைக் கூட்டினால் மீட்டும் வேகமும் கூடிவிடும், அதனால் கட்டைக்கு ஒரு பதிவு, குறைந்தபட்சம் இரண்டு கட்டைக்கு ஒரு பதிவு வேண்டும். இடம் பிறகு அடங்காது, எஸ்டி கார்டு வரும், அது ஒரு புதுப் பழுது. அப்புறம், இஎஸ்பிக்கான ஆர்டுயினோ தொகுப்பு 2024ல் 3.0 பதிப்புக்குப் போனபோது ஆடியோ கட்டளைகளே மாறின, பழைய வீடியோவைப் பார்த்து எழுதினால் பிழைப் பட்டியல் நீளும். ஓடுகிற நிலையில் இருக்கும்போதே, நிரலைக் கம்பைல் செய்து கிடைக்கும் '.bin' கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போர்டு கெட்டால் புதுப் போர்டில் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.

ஓசையில் மற்ற இரண்டும் இதன் பக்கத்திலேயே வர முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தம்புராதான்.

## ஒரே பார்வையில்

| | 555 + 4017 | நானோ + மொஸ்ஸி | இஎஸ்பி 32 + டிஏசி |
|---|---|---|---|
| ஸ–ப ஒட்டுதல் | வகுத்து வருவதால் பிரியாது | எழுதுகிற கையைப் பொறுத்தது | பதிவைப் பொறுத்தது |
| சூடு, ஈரம் | கட்டை கொஞ்சம் நகரும், சேர்ந்தே நகரும் | நகர்வு குறைவு, தொடக்கத்திலேயே தவறியிருக்கலாம் | நகராது |
| ஓசை | சதுர அலை, தட்டை | மணல் கலந்தது | தம்புரா |
| உதிரிச் செலவு, ஸ்பீக்கர் டப்பா நீங்கலாக | சுமார் ₹200 | சுமார் ₹300 | ₹600 – ₹800 |
| பழுது பார்க்க | மல்டிமீட்டர், காது | லேப்டாப் | லேப்டாப், லென்ஸ், பொறுமை |
| உள்ளூரில் உதிரி | கிடைக்கும் | சில கடைகளில் | கூரியர்தான் |
| செய்ய எடுக்கும் உழைப்பு | ஒயர் அதிகம் | குறைவு | ஒயர் குறைவு, மற்றது அதிகம் |

## மூன்றுக்கும் பொதுவான தலைவலி

எந்த வழியில் போனாலும் முடிவில் ஆம்பும் பவரும் ஒன்றுதான். உண்மையான பழுதுகள் இங்கேதான்.

ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் பிஏஎம் 8403 ஆம்பைத்தான் எல்லோரும் போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அதன் ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் கிடையாது. இரண்டு முனையும் எதிரெதிராக ஆடுகிறவை. அந்த மைனஸைக் கிரவுண்டோடோ, வலது இடது மைனஸ்களை ஒன்றாகவோ முறுக்கிவிட்டால் ஆம்ப் சூடேறும், பிறகு போய்விடும். அதைவிட அதிகம் நடப்பது, ஸ்பீக்கர் முனையிலிருந்தே ஒயர் எடுத்து மைக் செட்டில் சொருகுவது. மைக் செட்டின் கிரவுண்ட் மைனஸில் பட்டதும் கதை முடிந்தது. மைக் செட்டுக்கான வெளியீட்டை ஆம்புக்கு முன்னால், வால்யூம் கன்ட்ரோலிலிருந்து எடுங்கள். 5.5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கவும் கூடாது, 9 வோல்ட் அடாப்டரை மாற்றிச் சொருகினால் ஒரே நொடி.

9 வோல்ட் பெட்டியாகச் செய்கிறவர்கள் எல்எம் 386 போடலாம். வெளியீட்டில் 10 ஓமும் 47 நானோவும் தொடரில் போட்டுக் கிரவுண்டுக்குக் கொடுக்காவிட்டால் சில சமயம் அது தானே கத்த ஆரம்பிக்கும். 9 வோல்ட் சின்னப் பேட்டரியில் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு பஜனைக்குத் தாங்காது.

பவர் பேங்க் விஷயம் பலருக்குப் புரிவதில்லை. அது போன் சார்ஜ் செய்வதற்காகச் செய்தது. மின்சாரம் மிகக் குறைவாக இழுத்தால், சார்ஜ் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். 555 பெட்டியும் நானோ பெட்டியும் அவ்வளவு குறைவாகத்தான் இழுக்கும். "அரை நிமிஷம் ஓடி நின்னுடுது" என்ற புகார் வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டாம், பவர் பேங்கை மாற்றுங்கள். ஒரு 18650 செல், டிபி 4056 சார்ஜ் மாட்யூல், 5 வோல்ட் பூஸ்டர் என்று உள்ளேயே வைத்துவிடுவது நிம்மதி. பூஸ்டரின் சீறல் ஓசையில் வந்தால் அதன் வெளியீட்டில் 470 மைக்ரோ போட்டு, ஆம்புக்கும் மற்ற சிப்புகளுக்கும் தனித்தனி ஒயர் இழுங்கள்.

மைக் செட்டில் சொருகியதும் உறுமல் வந்தால், முதலில் பெட்டியின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் போய்விட்டால் குற்றவாளி சார்ஜர், அதைக் கழற்றிவிட்டே பாடுங்கள். சார்ஜர் இல்லாமல் முடியாது என்றால் 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை நடுவில் போட்டால் இரண்டு கிரவுண்டும் பிரிந்துவிடும்.

கருவி என்று ஒன்று வாங்க வேண்டுமானால் ஓசிலாஸ்கோப் வேண்டாம். சின்ன பேட்டரி ஸ்பீக்கர் ஒன்றின் உள்ளீட்டு ஒயரில் 100 நானோ கெப்பாசிட்டரும் 10 கிலோ ஓமும் தொடரில் சேர்த்து, முனையில் ஒரு ஊசி வையுங்கள். பெட்டியின் கிரவுண்டில் ஒரு கிளிப். ஊசியை ஆஸிலேட்டரில் தொடங்கி ஃபில்டர், வால்யூம், ஆம்ப் உள்ளீடு என்று நகர்த்துங்கள். எதுவரை சத்தம் கேட்கிறது, எங்கே நிற்கிறது என்று காதே சொல்லிவிடும். ஸ்பீக்கர் மேல் சந்தேகம் என்றால் கழற்றி ஒரு 1.5 வோல்ட் செல்லை அதில் தொட்டு எடுங்கள், 'கிரக்' என்றால் உயிரோடு இருக்கிறது.

## யாருக்கு எது

பஜனைக் குழுவுக்கு 555. யோசிக்கவே வேண்டாம். நாற்பது பேர் சரணம் சொல்லும்போது ஜீவாளி யாருக்கும் கேட்கப் போவதில்லை, சுருதி நிற்க வேண்டும், பெட்டி விழுந்தாலும் எழ வேண்டும்.

வாய்ப்பாட்டு, வயலின் கற்கும் பிள்ளைக்கு இஎஸ்பி. தினம் ஒரு மணி நேரம் காதுக்குப் பக்கத்தில் சதுர அலையை வைத்துச் சாதகம் செய்யச் சொல்வது பிள்ளைக்குச் செய்கிற கொடுமை. வீட்டில் நிரல் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கடையில் வாங்கிவிடுங்கள்.

பாலிடெக்னிக் பிராஜெக்ட் என்றால் நானோ. சீக்கிரம் முடியும், விளக்கிச் சொல்ல நிறைய இருக்கும், வைவாவில் 262க்கும் 261.63க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தம்புரா ஓசையும் வேண்டும், நடுவில் நிற்கவும் கூடாது என்கிற கச்சேரிக்காரர்கள் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்கலாம். ஆம்பும் பேட்டரியும் ஒன்றே, நடுவில் ஒரு மாற்று ஸ்விட்ச், இஎஸ்பி படுத்துவிட்டால் 555க்குத் தட்டிவிடலாம். டிஏசி முழு மட்டத்தில் 2.1 வோல்ட் கொடுக்கும், ஃபில்டர் தாண்டி வரும் 555ன் மட்டம் நீங்கள் போட்ட ரெசிஸ்டர்களைப் பொறுத்து எங்கேயோ இருக்கும். தட்டும்போது சத்தம் குதிக்காமல் இருக்க 555 பக்கத்தில் ஒரு 10 கிலோ ஓம் பிரீசெட் வைத்து, காதால் கேட்டுச் சமப்படுத்திவிட்டு, அதன் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டுவிடுங்கள்.